மனசு படபடக்கிறதா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டு உட்காருவேன். இடைநிலைப் பள்ளியில் ஆலோசக ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஃபாரம் நிரப்பத்தான் வருவார்கள். நிரப்பியாகிவிடும், கையெழுத்தும் போட்டாகிவிடும், ஆனால் எழுந்து போகமாட்டார்கள். "டீச்சர், இன்னொன்னு கேக்கணும்" என்று இழுப்பார்கள். வந்த வேலையே அதுதான்.

அப்படி இழுத்துக் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட். பால் மரம் (ரப்பர்) நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கிறது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், இருக்கின்றன. பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். கேட்டவர் யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றியும் நாலு பேராவது "என்னைத்தானே எழுதினீங்க?" என்று கேட்கத்தான் போகிறார்கள்.

எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஏதோ நடக்கப்போகிற மாதிரியே இருக்கிறது. ஏன்?

லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 45 பேரைக் கணினி முன் உட்கார வைத்து, திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாம்பு இருந்தால் கையில் சுள்ளென்று ஒரு மின் அதிர்ச்சி. கட்டாயம் அதிர்ச்சி வரும் என்று தெரிந்த நேரத்தைவிட, வருமோ வராதோ என்று பாதிக்குப் பாதி இருந்த நேரத்தில்தான் அவர்களுக்குப் படபடப்பும் வியர்வையும் உச்சத்துக்குப் போயின.

என் அம்மா பால் வெட்டியவர். அவருக்கு இந்த ஆய்வைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடப்பார்கள். இந்த நிரையில் பாம்பு கிடக்கிறது என்று தண்டல் (மேற்பார்வையாளர்) சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை, சுற்றிப் போய்விடலாம். "எங்கேயோ பார்த்தேன்" என்று யாராவது சொல்லிவைத்த நாளில்தான் பால் பிடிக்கும் மங்கு ஒவ்வொன்றையும் எடுக்கும்போது கை நடுங்கும் என்பார்.

தெரியாத ஆபத்துக்கு மூளை காவல் இருந்துகொண்டே இருக்கும். அட்ரினலின் சுரக்கும், கார்ட்டிசோல் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், வயிறு இறுகும். ஓடுவதற்கும் அடிப்பதற்கும் உடம்பு தயாராகிறது. ஓடவோ அடிக்கவோ எதுவும் இல்லாததால் அந்த வேகம் தோளிலும் கழுத்திலும் வயிற்றிலும் தங்கிவிடுகிறது.

என் கணவருக்குத் திசுப் பரிசோதனை முடிவுக்காகப் பதினொரு நாள் காத்திருந்தோம். அந்தப் பதினொரு நாளும் நான் தூங்கவில்லை. முடிவு வந்தது, நல்லதாக இல்லை. அன்று இரவு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். வெகுநாள் அதற்காக வெட்கப்பட்டேன், பிறகுதான் விளங்கியது.

ஆகவே உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. காவல்காரன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அவனை அனுப்பி வைக்க எனக்குத் தெரிந்த வழிகள் இரண்டு: கவலையைத் தாளில் இறக்குவது, ஆளிடம் சொல்வது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது. மாரடைப்பா, டென்ஷனா?

இதை நானும் சொல்லமுடியாது, வாட்ஸ்அப் குழுவும் சொல்லமுடியாது. நெஞ்சை அழுத்துகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ ஏறுகிற வலி, குப்பென்று வியர்வை, மயக்கம் என்றால் 999-ஐ அழையுங்கள். இந்த நாட்டில் இனிப்பு நீர் (நீரிழிவு) நம்மவர்களிடம்தான் அதிகம், அதோடு இதய நோயும் சேர்ந்தே வரும். டென்ஷனாகத்தான் இருக்கும் என்று கோப்பி குடித்துவிட்டுப் படுக்கிற விஷயம் இல்லை இது. தைராய்டு, இரத்தச் சோகை, சர்க்கரை இறங்குவது ஆகியவையும் இதே மாதிரி படபடப்பைத் தரும்.

பார்த்தாயிற்று, இசிஜி எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், திரும்பவும் வருகிறது என்றால் அது பீதித் தாக்குதலாக இருக்கலாம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாக இறங்கும். வரும்போது சாவு வந்துவிட்டது போலத்தான் இருக்கும்.

அப்போது செய்ய ஒன்று: நாலு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கவேண்டும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், அது உடம்பின் அமைப்பு. ஐந்து நிமிடம் செய்யுங்கள். முதல் நிமிடத்திலேயே "இது எனக்கு வேலைக்காகாது" என்று தோன்றும். எல்லாருக்கும் தோன்றும், விடாதீர்கள். எண்ணுவது எரிச்சலாக இருந்தால் ஊதுபத்தியை அணைக்கிற மாதிரி நீளமாக ஊதினாலும் போதும்.

ஃபேக்டரியில் ஆள் குறைக்கப்போகிறார்களாம். யாரை என்று சொல்லவில்லை. மூன்று மாதமாக இதே நினைப்பு. என்ன செய்வது?

இதுதான் கல்லுக்கு அடியில் உள்ள பாம்பு. யாரை என்பது உங்கள் கையில் இல்லை. போனால் என்ன கிடைக்கும் என்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் கையில் இருக்கிறது, அதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம்.

ஒரு தாளை எடுங்கள். மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்படாத சம்பளக்காரர், ஒரே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருந்தால், ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி உண்டு. 1980-ஆம் ஆண்டு விதிமுறை அது. இரண்டு வருஷத்துக்குக் கீழ் என்றால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்துக்குள் என்றால் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். உங்களுக்கு ஏழு வருஷம் சர்வீஸ், ஒரு நாள் சம்பளம் 80 வெள்ளி என்று வையுங்கள். ஏழு வருஷத்தை இருபதால் பெருக்கினால் 140 நாள். 11,200 வெள்ளி. நோட்டீசும் தரவேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்காவிட்டால் இரண்டு வருஷத்துக்குக் கீழ் நாலு வாரம், ஐந்து வருஷத்துக்குக் கீழ் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம்.

அப்புறம் சொக்சோ, அதாவது சமூகப் பாதுகாப்பு நிறுவனம். மாதா மாதம் சம்பளச் சீட்டில் சொக்சோவோடு இன்னொரு சின்னத் தொகையும் பிடிக்கிறார்களே, அதுதான் 2018-ல் தொடங்கிய வேலைக் காப்புறுதி. வேலை போனால் முதல் மாதம் 80 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைகிற உதவித்தொகை அதிலிருந்து வரும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். இந்த 60 நாள்தான் முக்கியம். அவமானப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்து மூன்றாம் மாதம் என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள், என்னால் ஒன்றும் செய்யமுடியவில்லை.

கோபத்தில் நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்தாலும் இதெல்லாம் போய்விடும். "நீயே எழுதிக் குடுத்துட்டா உனக்கு நல்லது, பேரு கெடாது" என்று மேலதிகாரி அன்பாகப் பேசினால், ஒரு நாள் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நியாயமில்லாமல் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்றால் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் புகார் செய்யலாம். அதற்கும் 60 நாள்தான்.

தாளில் இந்த எண்கள் இருந்தால் வேலை போகும் பயம் போய்விடுமா? போகாது. ஆனால் "வேலை போனால் நடுத்தெரு" என்று இருந்தது "வேலை போனால் ஐந்தாறு மாதம் தாக்குப்பிடிக்கலாம்" என்று மாறும். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று பேச்சு. லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு எங்கே போவது? அப்பாவுக்கு இதே கவலையில் பேச்சே நின்றுவிட்டது.

அப்பாவின் மௌனத்துக்குக் காரணம் இந்த ஒரு செய்தி மட்டும் இருக்காது. அந்த வயதுக்காரர்கள் எத்தனை முறை இதே பேச்சைக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும். நம் பயத்தின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் 1948-ல் தொடங்குவார்கள். அந்த ஜூன் 16-ஆம் தேதி காலையில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்திலும் துரைமார்கள் மூவர் சுடப்பட்டார்கள், நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறு போட்டு விற்றார்கள். அதைத்தான் துண்டாடல் என்கிறோம். ஒரு தோட்டத்தின் கோயில் ஒருவர் துண்டிலும் பள்ளிக்கூடம் இன்னொருவர் துண்டிலும் போனது அப்படித்தான். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்து, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த எத்தனையோ பேர் மூட்டை கட்டிக் கப்பல் ஏறினார்கள்.

துண்டாடல் நடந்துகொண்டிருந்தபோதே 1960-ல் இன்னொன்றும் நடந்தது. இதே சுங்கை சிப்புட்காரரான வீ.தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தோட்டத் தொழிலாளர்கள் மாதத் தவணையில் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தக் காசைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார்கள். சங்கத்தின் பிற்காலத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் உண்டு, அதை விடுங்கள். பயத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தவர்கள் பெயரைப் பதிந்து, ரசீது வாங்கி, கூட்டத்துக்குப் போனார்கள். தோட்டம் கைக்கு வருமுன்பே வீட்டில் அவர்களுக்குத் தூக்கம் வந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

சரி, இன்றைக்கு என்ன செய்வது. ஒரு கோப்பு வாங்குங்கள். அப்பாவின் ஐ.சி. (அடையாளக் கார்டு), பிறப்புச் சான்று, பழைய சம்பளச் சீட்டுகள், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வீட்டுக்கு வந்த எந்தக் கடிதமாக இருந்தாலும் அதில் போடுங்கள். எத்தனை வருஷம் அங்கே வேலை, எந்த டிவிஷன், யார் மேனேஜராக இருந்தார் என்பதை அப்பாவைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பேச்சு நின்றவர் இதற்குப் பேசுவார், பாருங்கள். பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்) பெயர் சரியாக வரவில்லை என்றால் உங்களைத் திருத்தவாவது வாய் திறப்பார்.

வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம். கொடுக்கிற தாளைக் கைபேசியில் படம் எடுத்துவிட்டு, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள். தொழிலாளர் இலாகாவுக்கும் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் தனியாகப் போவதைவிட லயத்தில் உள்ள எல்லா வீட்டுப் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். வழக்கு என்று வந்தால் வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி இலாகா இருக்கிறது. வீடு வாங்க இபிஎஃப்பின் இரண்டாம் கணக்கிலிருந்து, இப்போது செஜாத்தெரா கணக்கு என்கிறார்களே, அதிலிருந்து எடுக்கலாம்.

ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) கடன் வாங்கிவிட்டேன். வீட்டில் தெரியாது. தினமும் போன் வருகிறது.

முதலில் வீட்டில் சொல்லுங்கள். இன்று இரவே. கேட்கக் கொடுமையாக இருக்கும், தெரியும். ஆனால் ஆலோங்கின் முழுப் பலமும் அந்த இரகசியத்தில்தான் இருக்கிறது. கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றும் நாளில் உங்கள் மனைவி அதை முதல்முறை தெரிந்துகொள்வது இன்னும் கொடுமை.

சட்டப்படி உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும், அடமானம் உள்ள கடனுக்கு 12-க்கு மேலும் வாங்கக்கூடாது. உங்கள் ஆள் ஒரு மாதத்துக்கே அதைவிட அதிகம் வாங்குவார். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவதே குற்றம். மிரட்டல் வந்தால் குறுஞ்செய்தி, குரல் பதிவு, வங்கி ரசீது எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள். கைபேசியை மாற்றி நம்பரை மாற்றி ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆலோங் அடுத்து அவர்களுடைய தங்கச்சி வீட்டுக்குப் போனான்.

வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, கார் தவணை என்று சட்டப்படியான கடன் கழுத்தை நெரித்தால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. 2006-ல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்தது. ஆலோசனைக்குக் காசு வாங்கமாட்டார்கள், தவணையைக் குறைத்து நீட்டிக்க வங்கிகளோடு அவர்களே பேசுவார்கள். இபிஎஃப்பில் 2024 மே மாதத்திலிருந்து மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு, மாதப் பிடித்தத்தில் பத்து விழுக்காடு அதில் போகும், குறைந்தது 50 வெள்ளியாக எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரத்துக்கு ஆலோங்கைவிட அது மேல். ஆனால் அது உங்கள் வயதான காலத்துக் கஞ்சி என்பதையும் மறக்கவேண்டாம்.

பக்கத்துத் தெரு அக்கா நடத்துகிற கூட்டு (சீட்டு) பரவாயில்லையா என்று சிலர் கேட்பார்கள். கூட்டு நடத்துவதைத் தடை செய்து 1971-லேயே சட்டம் இருக்கிறது. அக்கா நல்லவராகவே இருக்கட்டும். ஏழாவது கை எடுத்தவன் ஓடிப்போனால் உங்களால் யாரிடமும் போய் நிற்கமுடியாது.

ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். தூக்கமே இல்லை.

இது மன உறுதிக் குறைவு இல்லை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். காலை ஏழு மணி வெயிலில் மோட்டாரில் வீட்டுக்கு வந்தால் அது "விடிந்துவிட்டது, எழுந்திரு" என்கிறது. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள். முழு ஹெல்மெட்டின் கருப்புக் கண்ணாடியை மட்டும் நம்பி வேகமாக ஓட்டாதீர்கள், இரவு வேலை முடிந்து வரும் வழியில் கண் அசந்து விழுந்தவர்கள் நம் தாமானிலேயே உண்டு. அறைக்குத் தடித்த திரை போடுங்கள். பகலில் தூங்குகிறவர் இருக்கிறார் என்று வாசலில் எழுதி ஒட்டுவதில் தவறே இல்லை. ஒரு வீட்டில் அப்படி ஒட்டியிருந்தார்கள், முறுக்கு விற்கிறவர்கூடப் பெல் அடிக்காமல் போனார்.

காபி, தே தாரேக் குடித்தால் அதிலுள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் ஷிப்டின் முதல் பாதியில் குடியுங்கள், கடைசிச் சுற்றில் வேண்டாம். படுத்து அரை மணி ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். படுக்கையில் புரண்டுகொண்டே கிடந்தால் படுக்கையைப் பார்த்தாலே கவலை வர ஆரம்பித்துவிடும்.

படுத்த உடனேதான் எல்லாக் கவலையும் வருகிறது. நிறுத்துவது எப்படி?

நிறுத்த முயன்றால் கூடும். குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்ற கதைதான். அதற்குப் பதிலாகக் கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். மனநல சிகிச்சையில் பல்லாண்டுகளாகப் பயன்படும் முறை இது. மாலை ஆறு மணி, பதினைந்து நிமிடம், பழைய பள்ளிப் புத்தகம் ஒன்று. நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் நான் ஏதாவது செய்யக்கூடியது, மறுபக்கம் செய்யமுடியாதது. முதல் பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் யாரிடம் கேட்பது, எந்தக் கிழமை என்று எழுதுங்கள். இரவில் வந்தால் "உனக்கு நாளைக்கு ஆறு மணிக்குத்தான் டோக்கன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு பாட்டிக்கு எழுதத் தெரியாது. அவர் பேத்தியிடம் சொல்லி எழுத வைக்கிறார். பேத்திக்குத் தமிழ் எழுத்துத் தேறியிருக்கிறது, அது தனி லாபம்.

என் வீட்டுக்காரர் டென்ஷன் குறையத்தான் குடிக்கிறேன் என்கிறார்.

முதல் ஒரு மணி நேரத்துக்கு அவர் சொல்வது உண்மைதான், அதனால்தான் வாதாடி ஜெயிக்க முடியவில்லை. மது நரம்பை அப்போதைக்கு மந்தமாக்கும். நடுச்சாமத்தில் அது இறங்கும்போது தூக்கத்தைக் கலைத்து மறுநாள் காலையில் படபடப்பைக் கூட்டித் தரும். அந்தப் படபடப்பைப் போக்க மாலையில் மறுபடியும் குடிப்பார். மலிவுச் சம்சு தோட்டங்களில் எத்தனை வீட்டை அழித்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் சாமி மேல் சத்தியம் செய்து ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்து. தைப்பூசத்துக்கு மாலை போடும் முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அவர் கை ஓங்குகிறார் என்றால் அது வேறு கேள்வி, 15999-ஐ அழையுங்கள். தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண், 24 மணி நேரமும் இருக்கிறது.

மாமியார் இது செய்வினை என்கிறார். கழிக்க ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்.

கோயிலுக்குப் போங்கள். முனியாண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் எனக்கே மனசு இறங்கும். ஆயிரம் கேட்கிறவரிடம் போகவேண்டாம். மாமியாரோடு சண்டையும் வேண்டாம். "கோயிலும் பாக்கலாம், கிளினிக்கும் பாக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி கேட்கும் என்று எவராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு வரும் வரை மகள் சாப்பிடவே மாட்டேன் என்கிறாள்.

அவளிடம் எத்தனை ஏ வரும் என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள், அத்தைமார்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். முடிவு வரும் முன்பே அவளோடு உட்கார்ந்து மூன்று தாள் எழுதுங்கள்: நன்றாக வந்தால், நடுத்தரமாக வந்தால், கவிழ்ந்தால். ஒவ்வொன்றிலும் எங்கே விண்ணப்பிப்பது, கடைசித் தேதி என்ன. மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி, எல்லாவற்றையும். பத்து ஏவும் அதற்கு மேலும் எடுக்கும் மலேசிய மாணவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024-ல் அரசாங்கம் அறிவித்தது. மூன்றாவது தாளை எழுதத்தான் அவள் அழுவாள். அதை எழுதி முடித்த அன்றைக்குச் சாப்பிடுவாள்.

வாட்ஸ்அப்பில் வருகிற செய்திகளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

குழுவை ஒலியடக்கி வையுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்த்தால் போதும்.

கிளினிக்கில் சொன்னால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களா?

நம் ஊரிலிருந்து அது பக்கம் என்பதால் இந்தப் பயம் நமக்குக் கூடுதல். 1911-ல் திறந்த மனநல மருத்துவமனை அது, இன்றைய பெயர் பஹாகியா. எங்கள் காலத்தில் வகுப்பில் ஒருவன் சேட்டை செய்தால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கேலி செய்வோம். அந்தக் கேலிக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மனச்சோர்வு, பதற்றம் என்று வருகிற பெரும்பாலானவர்களை இப்போது கிளினிக் கெசிஹாத்தானிலேயே (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) பார்க்கிறார்கள். ஐ.சி.யோடு போனால் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், மருந்தும் சேர்த்து. சில கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். மலாய் புரியாவிட்டால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள், ஆனால் உங்களைப் பேசவிடாமல் தானே பேசுகிறவரை வேண்டாம். "தலை வலிக்குது, வயிறு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் பனடோலோடு அனுப்பிவிடுவார்கள். "ரெண்டு வாரமா தூங்கல, எதுலயும் பிடிப்பு இல்ல, அழுகை வருது" என்று நேராகச் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகலாம். மூன்றாம் நாளே பயனில்லை என்று வீசவும் வேண்டாம், கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு வேலைக்கும் போகமுடியவில்லை என்றால் காத்திருக்காமல் போங்கள்.

சில நேரம் இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. யாரிடம் சொல்வது?

யாரிடமாவது இன்றே. பேசினால் அந்த எண்ணம் கூடிவிடும் என்று பயப்படுகிறார்கள், கூடாது. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, எந்த நேரமும் பேசலாம், பெயர் சொல்லவேண்டியதில்லை. உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. தற்கொலை முயற்சிக்கு வழக்குப் போடுவார்கள் என்று பயந்து மறைக்கவேண்டியதும் இல்லை, அந்தச் சட்டப் பிரிவை 2023-ல் நீக்கிவிட்டார்கள்.

வீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னால் அறிவுரை சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பூச்சி மருந்து, களைக்கொல்லி எதுவும் வீட்டில் இருந்தால் அன்றைக்கே வெளியே கொண்டுபோய்விடுங்கள். செம்பனை வேலை செய்யும் வீடுகளில் அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

ராத்திரி முழுக்க மின்னல் எஃப்.எம். ஓடினால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. தப்பா டீச்சர்?

தப்பில்லை பாட்டி. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அடுத்த வீட்டுத் தம்பிக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட் முடிந்து பகல் ஷிப்ட், அவனும் இப்போதுதான் தூங்கப் பழகுகிறான்.